இரவில் கணவருக்குச் சுகர் இறங்குகிறதா? இரவு ஊசியிலிருந்து தேடத் தொடங்குங்கள்

உங்கள் கேள்வியின் சாரத்தை முதலில் எழுதிவிடுகிறேன். இதே நிலையில் இருக்கும் வேறு வீடுகளுக்கும் இந்தப் பதில் உதவக்கூடும். கணவருக்கு வயது 62. பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். காலையும் இரவும் 30/70 கலவை இன்சுலின் போடுகிறார். அதோடு கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், வோக்லிபோஸ் மூன்றும் சேர்ந்த மாத்திரை இரு வேளை. இரத்த அழுத்தத்துக்கு மெட்டோப்ரோலால். அண்மையில் இரண்டு இரவுகள், இரண்டு மணி, மூன்று மணி வாக்கில், சட்டை நனைய வியர்த்துக்கொண்டு, கூப்பிட்டதற்குச் சரியாகப் பதில் சொல்லாமல் கிடந்திருக்கிறார். முதல் முறை குளுக்கோமீட்டர் 52 காட்டியது. இரண்டாம் முறை சர்க்கரைத் தண்ணீர் கொடுத்த உங்கள் கையைத் தட்டிவிட்டுத் திட்டியிருக்கிறார். அன்றிலிருந்து படுக்கப்போகும்முன் இரண்டு வாழைப்பழமும் ஒரு டம்ளர் பாலும் கொடுக்கிறீர்கள். நீங்களோ பாதி இரவு விழித்தே இருக்கிறீர்கள். இனி இது வராமல் தடுக்க வேறு என்ன செய்யலாம் என்று கேட்கிறீர்கள்.

சர்க்கரை நோய்ப் பிரிவில் நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் ஊசி, உணவு, பரிசோதனை முறைகளைக் கற்றுத்தருவது என் வேலை. என் பதிலின் மையம் இதுதான்: நள்ளிரவில் நடப்பது இரவு எட்டு மணிக்கு ஊசி போடும்போதே தீர்மானமாகிவிடுகிறது. மருந்தின் அளவோ, நேரமோ, சேர்க்கையோ இப்போது அவர் உடம்புக்குப் பொருந்தவில்லை. அதைச் சரிசெய்யாமல் நீங்கள் எவ்வளவு கண்விழித்தாலும், எவ்வளவு ஊட்டினாலும் ஆபத்து அப்படியே இருக்கும். எனவே அடுத்த மாதச் சந்திப்புவரை காத்திருக்க வேண்டாம். நாளைக் காலையே மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, “இரவில் இருமுறை இறங்கிவிட்டது, நான் உதவி செய்ய வேண்டியிருந்தது, இன்றிரவு எத்தனை யூனிட் போடுவது?” என்று கேளுங்கள். பிறர் உதவியில்லாமல் மீள முடியாத தாழ்சர்க்கரை, மீட்டர் என்ன எண் காட்டினாலும், கடுமையான வகையைச் சேர்ந்தது. இந்தச் செய்தியைக் கேட்கும் மருத்துவர் அதை அலட்சியம் செய்யமாட்டார். ஆனால் நீங்களாக ஊசியை அடியோடு நிறுத்திவிடாதீர்கள். அது வேறொரு ஆபத்து.

தடுப்பதைப் பற்றி எழுதுவதற்குமுன், இன்றிரவே மறுபடி வந்தால் என்ன செய்வது என்று சொல்லியாக வேண்டும். ஏனென்றால் அவருடைய மாத்திரையில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது.

வோக்லிபோஸ் குடலில் வேலை செய்யும் மருந்து. நாம் சாப்பிடும் சர்க்கரையையும் மாவுச்சத்தையும் குளுக்கோஸாக உடைக்கும் நொதிகளை அது தடுத்துவைக்கிறது. சாப்பாட்டுக்குப் பிறகு சுகர் எகிறாமல் இருப்பதற்கு இது நல்லது. ஆனால் சுகர் இறங்கிய நேரத்தில் நீங்கள் கொடுக்கும் வெள்ளைச் சர்க்கரையும் அதே தடையில் மாட்டிக்கொள்ளும். அகார்போஸ் மாத்திரைக்கும் இதே கதைதான். ஆகவே உங்கள் வீட்டில் சர்க்கரைத் தண்ணீரை நம்ப வேண்டாம். மருந்துக் கடையிலும் மளிகைக் கடையிலும் கிடைக்கும் குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும். அது உடைபட வேண்டிய தேவையே இல்லாமல் நேராக இரத்தத்துக்குப் போகும். 15 கிராம் வீதம் நிறுத்து நான்கைந்து சிறு டப்பாக்களில் போட்டு, ஒரு தண்ணீர் பாட்டிலோடு படுக்கைக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். இரவு மூன்று மணிக்குப் பதற்றத்தில் யாராலும் கரண்டிக் கணக்குப் பார்க்க முடியாது. குளுக்கோஸ் கைக்கு எட்டாத ஒரு நேரம் வந்தால் சும்மா இருக்க வேண்டாம், கிடைக்கும் இனிப்பைக் கொடுங்கள். ஆனால் அது மெதுவாகத்தான் வேலை செய்யும் என்பது தெரிந்திருக்கட்டும்.

70க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி விரலில் குத்திப் பாருங்கள். இன்னும் 70ஐத் தாண்டவில்லை என்றால் இன்னொரு டப்பா. 54க்குக் கீழே இறங்கியிருந்தால் இரண்டாவது டப்பா தேவைப்படும் என்றே எண்ணிக்கொண்டு தயாராக இருங்கள். சாக்லேட், ஐஸ்கிரீம், கிரீம் பிஸ்கட் ஆகியவை இந்த நேரத்துக்கு உதவாது. கொழுப்பு சேர்ந்தால் செரிப்பது தாமதமாகும். மீட்டரைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இல்லையென்றால் பரிசோதனையை விட்டுவிட்டு முதலில் குளுக்கோஸைக் கொடுங்கள். வியர்வை வேறு காரணத்தால் வந்திருந்தாலும் 15 கிராம் குளுக்கோஸால் பெரிய கேடு எதுவும் வந்துவிடாது.

கையைத் தட்டிவிட்டதை மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். மூளைக்குக் குளுக்கோஸ் போதாதபோது முதலில் தடுமாறுவது யோசிக்கும் திறனும் கோபத்தை அடக்கும் திறனும்தான். அப்போது “குடிக்கிறீர்களா?” என்று கேட்டால் “வேண்டாம்” என்றுதான் பதில் வரும். கேள்வியே கேட்காதீர்கள். விளக்கைப் போட்டு, அவரை எழுப்பி உட்காரவைத்து, டம்ளரைக் கையில் கொடுத்து, “இதைக் குடியுங்கள்” என்று ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். வாதம் வேண்டாம். பகலில் அவர் தெளிவாக இருக்கும்போதே இதைப் பேசி வைத்துக்கொள்வது மிகவும் உதவும்: “நான் இரவில் எழுப்பி விரலைக் கேட்டால் நீட்ட வேண்டும், டம்ளரைக் கொடுத்தால் குடிக்க வேண்டும்.” இப்படி முன்கூட்டியே ஒப்புக்கொண்டவர்கள் அந்த அரைமயக்கத்திலும் ஓரளவு ஒத்துழைப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

விழுங்க முடியாத நிலையில் இருந்தால், அல்லது வலிப்பு வந்தால், வாயில் எதையும் ஊற்றாதீர்கள். நுரையீரலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐ அழையுங்கள். “சர்க்கரை நோயாளி, இன்சுலின் போடுகிறார், மயங்கிவிட்டார்” என்ற மூன்று செய்திகளைச் சொன்னால் வருபவர்களுக்கு வேலை எளிதாகும்; நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றுவார்கள். குளுக்ககான் என்ற ஊசி இருக்கிறது. கல்லீரலில் சேமித்துவைத்த சர்க்கரையை அது வெளியே கொண்டுவரும். மூக்கில் செலுத்தும் வடிவமும் உண்டு. எல்லா மருந்துக் கடைகளிலும் இருப்பு இருக்காது என்பதால், உங்கள் கணவருக்கு அது தேவையா, எங்கே கிடைக்கும், எப்படிப் போடுவது என்று மருத்துவரிடம் முன்னதாகவே கேட்டுவிடுங்கள். போட்டாலும் 108ஐ அழைப்பதை விட்டுவிடக் கூடாது.

இன்னொன்றும் முக்கியம். கிளிமிபிரைடு போன்ற சல்ஃபோனைல்யூரியா மாத்திரைகளின் வேலை நீண்ட நேரம் நீடிக்கும். இன்சுலின் தீர்ந்த பிறகும் அந்த மாத்திரை கணையத்தைப் பிழிந்துகொண்டே இருக்கும். எனவே சுகர் 110 வந்துவிட்டது என்று நிம்மதியாகப் படுத்துவிடாதீர்கள். தெளிந்ததும் ஒரு இட்லியோ இரண்டு துண்டு ரொட்டியோ சாப்பிடவைத்து, ஒரு மணி நேரம் கழித்தும் விடியற்காலையிலும் மறுபடி பாருங்கள். அதே இரவில் மீண்டும் இறங்கினால், அல்லது மயக்கம் வரை போயிருந்தால், தெளிந்துவிட்டாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இந்த வகை மாத்திரை எடுப்பவர்களை ஒரு நாளோ அதற்கு மேலோ வைத்துக் கண்காணிப்பது வழக்கம். “இப்போது நன்றாக இருக்கிறார், வீட்டுக்குப் போகிறோம்” என்று அவசரப்படாதீர்கள்.

இனி, ஏன் இரண்டு மணிக்கு?

30/70 என்பதில் 30 பங்கு சாப்பாட்டுக்கான விரைவு இன்சுலின்; 70 பங்கு என்.பி.எச். எனப்படும் கலங்கலான நடுத்தர இன்சுலின். என்.பி.எச். போட்டு நான்கு மணி முதல் பத்து மணி நேரத்துக்குள் உச்சத்தை அடையும். இரவு எட்டு மணிக்குப் போட்டால் உச்சம் நள்ளிரவு பன்னிரண்டு முதல் காலை ஆறு வரை எங்கும் விழலாம். ஒரே ஆளுக்கே நாளுக்கு நாள் அது மாறும். உடம்புக்கு இன்சுலின் மிகக் குறைவாகத் தேவைப்படும் நேரமோ நள்ளிரவிலிருந்து மூன்று மணி வரை. விடியற்காலையில்தான் வேறு சுரப்பிகள் வேலையைத் தொடங்கிச் சுகரை ஏற்றும். தேவை குறைந்த நேரத்தில் மருந்து உச்சத்தில் இருக்கிறது. அதோடு கிளிமிபிரைடும் சேர்ந்துகொள்கிறது.

அப்படி இறங்கினாலும் விழித்திருப்பவருக்கு அட்ரினலின் சுரந்து, கை நடுங்கி, நெஞ்சு படபடத்து, பசி எடுத்து எச்சரிக்கை கிடைக்கும். தூக்கத்தில் அந்த எதிர்வினை மங்கிவிடுகிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகைச் சர்க்கரை நோயாளிகளிடம் 1983 முதல் 1993 வரை நடந்த பெரிய ஆய்வில், கடுமையான தாழ்சர்க்கரை நிகழ்வுகளில் பாதிக்கும் மேற்பட்டவை அவர்கள் தூங்கும்போது நடந்தவை என்று பதிவானது. உங்கள் கணவர் இரண்டாம் வகை. ஆனால் பல ஆண்டுகள் இன்சுலின் போட்டவர்களுக்கும் இதே பலவீனம் மெல்ல வந்து சேரும். மெட்டோப்ரோலால் வேறு படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும். வியர்வையை அது மறைப்பதில்லை. அதனால்தான் உங்களுக்கு நனைந்த சட்டை மட்டும் அடையாளமாகக் கிடைத்தது. அந்த மருந்தை நிறுத்தச் சொல்லவில்லை, இதயத்துக்கு அது தேவையாக இருக்கலாம். ஆனால் சுகருக்கு மருந்து எழுதுபவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

மருத்துவரிடம் போகுமுன், பதினைந்து ஆண்டுகள் இல்லாதது இப்போது ஏன் வந்தது என்று நீங்கள் வீட்டிலேயே கொஞ்சம் துப்பறியலாம். இதில் உங்களைவிடச் சிறந்த சாட்சி வேறு யாரும் இல்லை.

நான் முதலில் சந்தேகப்படுவது சிறுநீரகத்தை. ஊசியில் போடும் இன்சுலினில் பெரும் பகுதியைச் சிதைத்து வெளியேற்றுவது சிறுநீரகம்தான். அது தளர்ந்தால் அதே யூனிட் உடம்பில் நெடுநேரம் தங்கும். கிளிமிபிரைடும் தேங்கும், கிளிபென்கிளமைடு என்ற பழைய மாத்திரையானால் இன்னும் மோசம். “சுகர் தானாகவே குறைந்துவருகிறது, நோய் குணமாகிறது போலிருக்கிறது” என்று மகிழ்ச்சியோடு வருபவர்களில் சிலருக்கு, சிறுநீரகத் தளர்ச்சியைக் காட்டும் கிரியேட்டினினை இரத்தத்தில் பார்த்தால் ஏறியிருக்கும். நீண்ட நாள் நோயாளிக்குக் காரணம் தெரியாமல் சுகர் இறங்கத் தொடங்கினால், கிரியேட்டினின், சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர்., சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் ஆகிய மூன்றும் உடனே பார்க்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று பழைய தாள்களைப் புரட்டுங்கள்.

அடுத்து சிரிஞ்ச். நம் நாட்டில் இது தனித் தலைவலி. புட்டி இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட் அடர்த்தியில் வருகிறது. அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். பேனாவுக்கான கார்ட்ரிட்ஜும் சில புட்டிகளும் ஒரு மில்லிக்கு 100 யூனிட்; அவற்றுக்கு ஆரஞ்சு மூடி. 100 அடர்த்தியுள்ள மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்து 20 என்ற கோடு வரை போட்டால் உள்ளே போவது 50 யூனிட். பேனா பழுதாகிவிட்டது என்று கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சால் உறிஞ்சிப் போடும் வீடுகள் உண்டு. கடைக்காரர் கொடுத்ததை வாங்கி வந்திருந்தால், புட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணையும் சிரிஞ்சின் எண்ணையும் இன்றே ஒப்பிட்டுப் பாருங்கள்.

வயிற்றில் ஊசி போடும் இடத்தைத் தடவிப் பாருங்கள். வலிக்காது என்று ஒரே இடத்தில் போட்டுப் போட்டு அங்கே கொழுப்புத் திரண்டு கட்டியாகியிருக்கலாம். கட்டியில் போடும் மருந்து சரியாக உறிஞ்சப்படாது. அதை ஈடுகட்ட மருத்துவர் அளவைக் கூட்டியிருப்பார். ஒரு நாள் தற்செயலாகக் கட்டியில்லாத புது இடத்தில் போட்டால் அந்தக் கூட்டிய அளவு முழுவதும் வேலை செய்து சுகரை வீழ்த்திவிடும். இடத்தை மாற்றத்தான் வேண்டும், ஆனால் மருத்துவரிடம் சொல்லி அளவைக் குறைத்துக்கொண்டு மாற்ற வேண்டும். கலங்கலான இன்சுலினை உள்ளங்கைகளுக்கிடையே பத்து முறை உருட்டி, பத்து முறை தலைகீழாகத் திருப்பி, பால்போல் ஒரே சீராக ஆன பிறகே எடுக்கிறாரா என்றும் கவனியுங்கள். அடியில் தங்கிய மருந்து ஒரு நாள் அதிகமாகவும் ஒரு நாள் குறைவாகவும் போகும். போட்டுவிட்டு மறந்து இரண்டாம் முறை போடுவதும் நடக்கும். நாள்காட்டியில் ஒரு கோடு கிழிக்கும் பழக்கம் போதும் அதைத் தடுக்க.

சாப்பாட்டில் என்ன மாறியது? இரவுச் சோற்றை விட்டுச் சிறுதானியக் கஞ்சிக்கோ ஒரு சப்பாத்திக்கோ மாறினாரா, உடல் மெலிந்தாரா, பல் வலியால் குறைவாகச் சாப்பிடுகிறாரா? எல்லாம் நல்ல காரணத்துக்காகவே இருக்கலாம். ஆனால் தட்டு மாறியபோது யூனிட் மாறவில்லை. ஊசி போட்டுவிட்டுச் சாப்பிட நேரமானதா? சஷ்டி, ஏகாதசி, பிரதோஷம் என்று விரதம் இருந்த நாளா? இவற்றை அந்த இரண்டு தேதிகளோடு வைத்துப் பாருங்கள். மாலையில் நீண்ட நடையோ தோட்ட வேலையோ இருந்தால், தசைகள் சர்க்கரையை இழுப்பது அன்றிரவு முழுவதும் தொடரும். நடையை நிறுத்த வேண்டாம், காலைக்கு மாற்றுங்கள்.

அவர் மது அருந்துவாரா என்று நீங்கள் எழுதவில்லை. அருந்துபவரானால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். சாராயத்தைக் கையாளும் வேலையில் கல்லீரல் புதிதாகக் குளுக்கோஸ் தயாரிப்பதை நிறுத்திவிடும். அதன் விளைவு அடுத்த நாள் வரை நீளும். அந்த நிலையில் குளுக்ககான் ஊசியும் சரியாக வேலை செய்யாமல் போகலாம். இன்னும் கொடுமை, தள்ளாட்டத்தையும் உளறலையும் வீட்டார் போதை என்று நினைத்துத் தூங்கவிட்டுவிடுவார்கள். சிறுநீர்த் தொற்றுக்கோ சளிக்கோ லெவோஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின், கோட்ரைமாக்சசோல் போன்ற ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருந்தாலும் கிளிமிபிரைடோடு சேர்ந்து சுகரை இறக்கக்கூடும். மூட்டு வலிக்கோ ஆஸ்துமாவுக்கோ ஸ்டீராய்டு எடுத்து, அப்போது ஊசியைக் கூட்டி, பிறகு ஸ்டீராய்டை மட்டும் நிறுத்தியிருந்தால் காரணம் அங்கேயே இருக்கிறது.

இப்போது வாழைப்பழத்துக்கு வருவோம். நீங்கள் அன்போடு செய்வது புரிகிறது. ஆனால் இந்த முறை நீடிக்கக் கூடாது. இரண்டு வாழைப்பழத்தில் மட்டும் சுமார் 50 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. பத்து மணிக்குச் சாப்பிட்டால் பன்னிரண்டு மணிக்குள் சுகர் உச்சத்துக்குப் போய்விட்டு, இரண்டு, மூன்று மணிக்குள் அதன் வேலை முடிந்துவிடும். என்.பி.எச். அப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். மூன்று மாதம் கழித்து, மூன்று மாதச் சராசரிச் சுகரைக் காட்டும் ஹெச்பிஏ1சி ஏறியிருக்கும். அதைப் பார்த்து இன்சுலினைக் கூட்டுவார்கள். இரவில் இன்னும் இறங்கும். நீங்கள் மூன்றாவது பழத்தைக் கொடுப்பீர்கள். மருந்துக்காகச் சாப்பிடும் நிலை வந்துவிட்டதென்றால் மருந்து அதிகம் என்று பொருள்.

அளவு மாற்றப்படும்வரை இடைக்காலமாக ஒன்று செய்யலாம். படுக்கும்முன் பரிசோதியுங்கள். அவர் வயதுக்குப் படுக்கை நேரத்தில் 100 முதல் 180 வரை இருப்பது தவறில்லை. இப்போது இருக்கும் அபாயத்தைப் பார்த்தால் 120க்குக் கீழே படுக்கவிட எனக்கு மனம் வராது. குறைவாக இருந்தால் ஒரு இட்லி, கூட ஒரு அவித்த முட்டை அல்லது ஒரு கைப்பிடி சுண்டல், அரை டம்ளர் பால். புரதம் சேர்ந்தால் கொஞ்சம் நின்று நிதானமாகச் செரிக்கும். அதிகமாக இருந்தால் ஒன்றும் கொடுக்க வேண்டாம்; அதைக் குறைக்கிறேன் என்று கூடுதல் இன்சுலினும் வேண்டவே வேண்டாம். படுக்கப்போகும் நேரத்தில் தானாகப் போட்டுக்கொள்ளும் அந்த நான்கு யூனிட்டால் வந்த நள்ளிரவுகள் ஏராளம்.

எண்களைச் சேகரிக்கும் வேலை அடுத்தது. மருத்துவருக்கு உதவும் நான்கு நேரங்கள்: இரவுச் சாப்பாட்டுக்கு முன், படுக்கும்முன், அதிகாலை மூன்று மணி, விடிந்ததும் வெறும் வயிற்றில். தொடர்ந்து மூன்று, நான்கு நாள் போதும். கையைச் சோப்பு போட்டுக் கழுவித் துடைத்த பிறகே குத்துங்கள். பழம் நறுக்கிய விரலில் ஒட்டியிருக்கும் இனிப்பு 65ஐ 130 என்று காட்டி உங்களை ஏமாற்றிவிடும். ஸ்ட்ரிப்பின் காலாவதித் தேதியையும் பாருங்கள். காலையில் 75, 80 என்று வந்தால் பல வீடுகளில் பெருமைப்படுகிறார்கள். இன்சுலின் போடும் முதியவருக்கு நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளமாட்டேன். இரவில் அதைவிடக் கீழே போய் வந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்வேன். காலைத் தலைவலி, அடித்துப்போட்ட சோர்வு, கெட்ட கனவு, ஈரமான தலையணை ஆகியவையும் தடயங்கள்.

“காலையில் சுகர் அதிகமாக இருந்தால் இரவில் இறங்கியிருக்கிறது என்று பொருள்” என்ற பேச்சைக் கேட்டிருப்பீர்கள். 1930களில் சோமோஜி என்ற வேதியியலாளர் சொன்ன கருத்து அது. இரவு முழுவதும் அளக்கும் கருவிகள் வந்த பிறகு, இரவில் இறங்கியவர்களுக்குக் காலையில் பெரும்பாலும் குறைவாகவே இருப்பது தெரியவந்தது. காலை 220க்குக் காரணம் பொதுவாக விடியற்கால ஹார்மோன்களும் போதாத மருந்தும்தான், அல்லது இரவில் பயத்தில் சாப்பிட்ட பழங்கள். ஊகிக்காமல் மூன்று மணிக்கு ஒரு முறை குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வசதி இருந்தால் கையில் ஒட்டும் சென்சார் ஒன்றைப் பதினான்கு நாள் போட்டுப் பார்க்கலாம். விலை ஆயிரக்கணக்கில் ஆகும். ஆனால் இரண்டு வார வரைபடம் மருத்துவர் கையில் இருந்தால் ஊசியை எப்படி மாற்றுவது என்பது தெளிவாகிவிடும், தொடர்ந்து வாங்கவேண்டிய அவசியமும் இல்லாமல் போகலாம். வாங்கும்போது, இறங்கினால் தானாக ஒலியெழுப்பும் வகையா என்று கேட்டு வாங்குங்கள். சில வகைகள் பதிவு மட்டும் செய்யும். அவர் ஒருக்களித்து அந்தக் கையின்மேல் படுத்தால் பொய்யாகக் குறைவு காட்டும். எனவே எந்தப் பக்கம் படுப்பாரோ அதற்கு எதிர்க்கையில் ஒட்டுங்கள், ஒலித்தால் விரலில் குத்தி உறுதிசெய்யுங்கள். குளுக்கோஸ் கொடுத்த பிறகு சென்சார் எண் சில நிமிடங்கள் பின்தங்கியே வரும். அதைப் பார்த்து மேலும் மேலும் கொடுத்துவிட வேண்டாம்.

மருத்துவர் என்னென்ன மாற்றலாம் என்று தெரிந்திருந்தால் உங்களால் நன்றாகப் பேச முடியும். காரணம் தெரியாமல் இறங்கினால் அதற்குப் பொறுப்பான ஊசியை 10 முதல் 20 சதவீதம் குறைப்பது வழக்கமான முதல் படி. இரவு கிளிமிபிரைடை நிறுத்தலாம். இரு வேளையும் கலவை இன்சுலின் போடுபவருக்கு அந்த மாத்திரை இரவில் தேவையா என்று நான் நேரடியாகவே கேட்கச் சொல்வேன். கலவையைப் பிரித்து, சாப்பாட்டுக்கு விரைவு இன்சுலினும் படுக்கும்போது என்.பி.எச்.சும் போட்டால் உச்சம் விடியலை நோக்கித் தள்ளிப்போகும். கிளார்ஜின், டெக்லுடெக் போன்ற சமதளமாக வேலை செய்யும் இன்சுலின்களில் இரவுத் தாழ்சர்க்கரை என்.பி.எச்.சைவிடக் குறைவு, விலை அதிகம். தனியாக எடுத்தால் சுகரை அபாயமாக இறக்காத மாத்திரைகளும் உண்டு: மெட்ஃபார்மின், சிடாகிளிப்டின், வில்டாகிளிப்டின், டாபாகிளிஃப்ளோசின் போன்றவை. எது பொருந்தும் என்பதைச் சிறுநீரகமும் இதயமும் பணப்பையும் சேர்ந்து முடிவுசெய்யும்.

இலக்கையும் தளர்த்தச் சொல்லிக் கேளுங்கள். இளைஞருக்கு வைக்கும் ஹெச்பிஏ1சி 6.5 என்ற இலக்கு, இரவில் மயங்கும் 62 வயதுக்காரருக்குப் பொருந்தாது. கடுமையான தாழ்சர்க்கரை வந்தவருக்கு 7.5, 8 என்று சற்று உயர்த்தி வைப்பது ஏற்கப்பட்ட நடைமுறை. கண்ணையும் சிறுநீரகத்தையும் காக்கும் பலன் பல ஆண்டுகளில் கிடைப்பது. கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிவது ஒரே இரவில் நடப்பது. உங்கள் கணவர் தன் ஹெச்பிஏ1சி 6.4ஐ விட்டுக்கொடுக்கத் தயங்கினால் இதைச் சொல்லிப் பாருங்கள். இன்னொரு நல்ல செய்தியும் சொல்லுங்கள்: சில வாரங்கள் தொடர்ந்து சுகர் இறங்காமல் பார்த்துக்கொண்டால், மங்கிப்போன எச்சரிக்கை அறிகுறிகள் பலருக்குத் திரும்ப வருகின்றன. அவர் தானாகவே விழித்து “ஏதோ மாதிரி இருக்கிறது” என்று சொல்லும் நிலை வந்தால் உங்கள் பாரம் பாதியாகும்.

உங்கள் தூக்கத்தைப் பற்றி யாரும் கேட்டிருக்கமாட்டார்கள், நான் கேட்கிறேன். விழித்துக்கொண்டே படுத்திருப்பது அவரைக் காப்பாற்றுவதில்லை. களைத்த ஒரு இரவில் நீங்கள் அயர்ந்துவிடுவீர்கள், அப்போதுதான் இறங்கும். அதற்குப் பதில் ஒரே ஒரு அலாரம், மூன்று மணிக்கு. எழுந்து பாருங்கள், எழுதுங்கள், படுத்துவிடுங்கள். ஒவ்வொரு முறை மருந்து மாறும்போதும் மூன்று, நான்கு இரவுகள் இப்படிப் பாருங்கள். எண்கள் நிலையாக 100க்கு மேல் நின்றால் அலாரத்தை நிறுத்திவிடலாம். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, விரதம், புதிய மாத்திரை, ஊர்ப் பயணம் என்று ஏதாவது வந்தால் அன்றிரவு மட்டும் மீண்டும் வையுங்கள். மகனோ மகளோ வீட்டில் இருந்தால் முறை மாற்றிக்கொள்ளுங்கள். குளுக்கோஸ் டப்பா எங்கே இருக்கிறது என்பதையும், மயங்கினால் வாயில் ஊற்றக் கூடாது என்பதையும் அவர்களுக்கும் காட்டிக்கொடுத்துவிடுங்கள்.